தூரத்தில் இருந்து சேர்ந்து வேலை செய்வது எங்கே உடைகிறது? வீடா ஆபீஸா சண்டைக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகள்

2024 செப்டம்பரில் அமேசான் ஓர் அறிவிப்பு விட்டது. 2025 ஜனவரியில் இருந்து அலுவலக ஊழியர்கள் வாரத்தில் ஐந்து நாளும் ஆபீசுக்கு வர வேண்டும், சேர்ந்து உட்கார்ந்தால்தான் வேலை நன்றாக நடக்கும் என்றது. அதே ஆண்டு நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது. சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்ததில், வாரம் இரண்டு நாள் வீட்டில் இருந்து வேலை செய்தவர்களின் வேலைத் தரமும் பதவி உயர்வும் குறையவே இல்லை, வேலையை விட்டுப் போவது மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சரி, அப்படியானால் வீடுதான் நல்லது என்று முடிவு கட்டலாமா? 2022இல் அதே நேச்சரில் வந்த இன்னோர் ஆய்வு, வீடியோ காலில் பேசும் ஜோடிகளுக்கு நேரில் பேசுகிறவர்களைவிடக் குறைவான புது யோசனைகளே வருகின்றன என்றது.

செய்தியை மட்டும் படிக்கிறவர்களுக்கு இதில் யாரோ ஒருவர் பொய் சொல்கிற மாதிரி இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வியே சரியாகக் கேட்கப்படவில்லை. தூரம் எல்லா வேலையையும் ஒரே அளவுக்குக் கெடுப்பதில்லை. எந்த வேலையை, எந்த மனிதர்களுக்கு இடையில், எவ்வளவு கெடுக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கான விடையின் பெரும்பகுதியை ஜூடித் ஓல்சன், கேரி ஓல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார்கள், அதாவது ஜூம் என்ற நிறுவனம் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னால்.

முதலில் அடிப்படை: பேச்சு எப்படி நடக்கிறது

ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் கேட்கிறார், அவ்வளவுதானே என்று தோன்றும். உளவியலாளர்கள் ஹெர்பர்ட் கிளார்க்கும் சூசன் ப்ரென்னனும் 1991இல் எழுதிய கட்டுரையைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும். பேசுகிற இருவரும் ஒவ்வொரு அடியிலும் 'இப்போதைக்குப் போதுமான அளவு புரிந்துவிட்டதா' என்று சேர்ந்து சரிபார்த்துக்கொண்டே போகிறார்கள். ஒரு 'ம்', ஒரு தலையாட்டல், புருவம் லேசாகச் சுருங்குவது, பாதியில் நிறுத்தி வேறு வார்த்தை தேடுவது எல்லாம் அந்தச் சரிபார்ப்பின் பகுதிதான். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிற, எனக்குத் தெரியும் என்பது உனக்கும் உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்த விஷயங்களைப் 'பொதுப் புரிதல்' என்று இங்கே சொல்கிறேன்.

பொதுப் புரிதலைச் சேர்க்க ஒரு கருவி எவ்வளவு உதவும் என்பது அந்தக் கருவியில் என்னென்ன வசதி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முக்கியமானவை இவை:

1. இருவரும் ஒரே இடத்தில் இருந்து, சுற்றி இருக்கிற அதே பொருள்களைப் பார்க்க முடிகிறதா.
2. முகம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா.
3. சொன்னது சொன்ன நொடியில் போய்ச் சேர்கிறதா, நடுவில் குறுக்கிட முடிகிறதா, சொன்ன வரிசையிலேயே வருகிறதா.
4. சொன்னதைப் பிறகு திரும்பப் பார்க்க முடிகிறதா.
5. அனுப்புவதற்கு முன்னால் திருத்த முடிகிறதா.

நேரில் பேசும்போது முதல் மூன்றும் உண்டு, கடைசி இரண்டும் கிடையாது. மின்னஞ்சலில் அப்படியே தலைகீழ். ஆகவே மின்னஞ்சலை நேர்ப் பேச்சின் மட்டமான நகல் என்று நினைப்பது தவறு, அது வேறு வேலைக்கான கருவி. வீடியோ காலில் முகமும் குரலும் வரும், ஆனால் ஒரே இடம் வராது. 'அதோ அதைப் பாருங்கள்' என்று விரல் நீட்டினால் அந்த விரல் எங்கே காட்டுகிறது என்று எதிராளிக்குத் தெரியாது. ஒரு வசதி இல்லாதபோது அதற்கான உழைப்பு காணாமல் போவதில்லை, பேசுகிற மனிதர்கள் தலையில் ஏறுகிறது. நாள் முழுக்க கால் பேசிவிட்டு வரும் சோர்வில் ஒரு பகுதி இதுதான்.

நொடியில் ஐந்தில் ஒரு பங்கு

மூன்றாவது வசதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2009இல் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த பத்து மொழிகளை ஒப்பிட்டதில், ஒருவர் கேள்வியை முடித்து இன்னொருவர் பதிலைத் தொடங்குவதற்கு இடையிலான இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி என்று வந்தது. மொழிக்கு மொழி கொஞ்சம் மாறினாலும் எல்லாமே அந்த எண்ணைச் சுற்றித்தான். யோசித்துப் பதில் சொல்ல இந்த நேரம் போதாது. எதிராளி முடிக்கப்போகிறார் என்று முன்கூட்டியே கணித்துத்தான் மனிதர்கள் பேசுகிறார்கள்.

இப்போது நடுவில் நெட்வொர்க் வருகிறது. குரல் ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் போக 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. போக 150, வர 150 என்று வைத்தாலே இயல்பான இடைவெளியைத் தாண்டிவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவது, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவது, 'நீங்க சொல்லுங்க, இல்ல நீங்க சொல்லுங்க' என்று இழுப்பது எல்லாம் இதனால் வருபவை. பெர்லினில் நடந்த சோதனைகளின் முடிவு இதைவிடக் கவலைக்குரியது: தாமதம் கூடும்போது மக்கள் நெட்வொர்க்கைக் குறை சொல்லவில்லை, எதிரில் பேசுகிறவர் கவனமில்லாதவர், அவ்வளவாக நட்பில்லாதவர் என்று மதிப்பிட்டார்கள். கோளாறு இணைப்பில், பழி மனிதர் மேல்.

கேத்தரின் க்ராம்டன் 2001இல் வெளியிட்ட ஆய்விலும் இதே பிழை வேறு உருவில் வருகிறது. பல நாடுகளில் சிதறி இருந்த மாணவர் குழுக்களின் மின்னஞ்சல்களை அவர் படித்தார். பதில் வரவில்லை என்றால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம்: அந்த ஊரில் விடுமுறை, மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை, ஒப்புக்கொண்டதால் பதில் தேவையில்லை என்று நினைத்தார், ஒப்புக்கொள்ளாததால் தயங்கினார். தூரத்தில் இருக்கிறவருக்கு இந்தச் சூழ்நிலை எதுவும் தெரியாது. 'அவன் சோம்பேறி' என்ற ஒரே விளக்கம்தான் கையில் மிஞ்சும். ஒரே அறையில் இருந்தால் பக்கத்து மேசையில் ஒருவர் போனும் கையுமாகத் திண்டாடுவது கண்ணில் படும், அந்தப் பழி பிறக்கவே பிறக்காது.

ஓல்சன்கள் சொன்னது என்ன

இருவரும் உளவியல் படித்து வந்தவர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் இருந்தார்கள், பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துக்குப் போனார்கள். இணையம் பரவிய 1990களின் கடைசியில் 'இனி தூரம் செத்துவிட்டது' என்ற பேச்சு எங்கும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுவனங்களிலும் ஆய்வகத்திலும் பத்தாண்டுக்கும் மேலாகத் தாங்களும் மற்றவர்களும் சேர்த்த கவனிப்புகளை வைத்து, அதற்கு மறுப்பாக 2000இல் 'டிஸ்டன்ஸ் மேட்டர்ஸ்' என்ற நீண்ட கட்டுரையை எழுதினார்கள். தூரத்தில் இருந்து வேலை நடக்க நான்கு விஷயம் வேண்டும் என்பது அதன் சாரம்.

1. வேலைப் பிணைப்பு

இதுதான் நால்வரில் மூத்தது என்று நான் நினைக்கிறேன். ஒரு வேலையின் பகுதிகள் ஒன்றை ஒன்று எவ்வளவு சார்ந்திருக்கின்றன, சார்ந்திருப்பது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது என்பதுதான் பிணைப்பு. தளர்வான பிணைப்பு என்றால், யார் எதைச் செய்ய வேண்டும் என்பது முன்பே தெளிவு, ஒருவர் முடித்து அடுத்தவரிடம் கொடுத்தால் போதும். இறுக்கமான பிணைப்பு என்றால், நான் ஒன்றை மாற்றினால் நீ செய்துகொண்டிருப்பதும் மாறும், என்ன மாறும் என்பது இருவருக்கும் இன்னும் தெரியாது, அடிக்கடி, சின்னச் சின்னதாக, முன்கூட்டித் திட்டமிட முடியாதபடி பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டு எல்லைகளுக்கும் மிச்சிகன் ஆய்வுகளிலேயே உதாரணம் இருக்கிறது.

முதல் எல்லை கிரீன்லாந்து. அங்கே சோன்ட்ரெஸ்ட்ரோம் என்ற இடத்தில் மேல் வளிமண்டலத்தை ஆராயும் ரேடார் நிலையம் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் விமானம் ஏறி அங்கே போய், நல்ல நிகழ்வு ஏதாவது வானத்தில் நடக்குமா என்று காத்திருப்பார்கள். 1990களின் தொடக்கத்தில், அந்தத் தரவை அவரவர் இருக்கும் இடத்தில் இருந்தே திரையில் பார்த்து, கூடவே அரட்டைப் பெட்டியில் எழுதிப் பேசிக்கொள்ளும் ஏற்பாட்டை மிச்சிகன் குழு செய்தது. அது ஓடியது. கிரீன்லாந்துக்குப் போக வாய்ப்பே கிடைக்காத மாணவர்களும் பெரியவர்கள் பேசிக்கொள்வதைப் பார்த்துக் கற்றார்கள். ஏன் ஓடியது? எல்லாரும் ஒரே துறை, ஒரே மாதிரிப் பயிற்சி, திரையில் ஒரே வரைபடம், ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பு. முகம் தெரிய வேண்டிய தேவையே வரவில்லை, எழுத்து அரட்டை போதுமானதாக இருந்தது.

இரண்டாவது எல்லை ஒரு பெரிய கார் நிறுவனம். அங்கே மென்பொருள் எழுதும் ஆறு குழுக்களை, ஒவ்வொரு குழுவையும் ஒரே அறையில் மொத்தமாக உட்கார வைத்தார்கள். ஸ்டெஃபனி டீஸ்லியும் ஜூடித் ஓல்சனும் மற்ற சகாக்களும் 2000இல் வெளியிட்ட அந்த ஆய்வில், அந்தக் குழுக்களின் உற்பத்தித்திறன் அந்த நிறுவனத்தின் வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்கு வந்தது. இரண்டு பேர் ஒரு பிழையைப் பற்றிப் பேசுவது மூன்றாமவர் காதில் விழுகிறது, அவருக்கு விடை தெரியும், திரும்பிச் சொல்லிவிடுகிறார். போன வாரம் வரைந்த படம் இன்னும் சுவரில் இருக்கிறது, கையைக் காட்டினால் போதும், எல்லாருக்கும் எது என்று தெரியும். இதற்கு மீட்டிங் அழைப்பு தேவையில்லை. ஊழியர்கள் முதலில் இந்த ஏற்பாட்டை விரும்பவில்லை, போகப்போகப் பிடித்துப்போனது. சொந்தப் பேச்சுக்கும் தனியாக யோசிக்கவும் பக்கத்திலேயே சின்ன அறைகள் இருந்தது அதற்கு உதவியது. ஆபீசுக்கு வாருங்கள் என்று கட்டளை போடும் நிறுவனங்களில் பல, இந்தக் கடைசி விவரத்தை மட்டும் வசதியாக விட்டுவிடுகின்றன.

இன்னொன்று. 'ஒரே இடம்' என்றால் ஒரே கட்டடம் என்று அர்த்தமில்லை. எம்ஐடியின் தாமஸ் ஆலன் 1970களிலேயே பொறியாளர்களை அளந்து பார்த்தார். மேசைகளுக்கு இடையே சுமார் 30 மீட்டர் தாண்டியதும் பேச்சு சரசரவென்று குறைந்துவிடுகிறது, அதன் பிறகு வேறு மாடியா வேறு ஊரா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. நான்காம் மாடியில் பாதிக் குழு, ஒன்பதாம் மாடியில் மீதிக் குழு என்று இருந்தால் அது ஏற்கனவே தூரத்து வேலைதான்.

2. பொதுப் புரிதல்

ஏற்கனவே பழகியவர்களுக்கு, ஒரே மொழியில் வளர்ந்தவர்களுக்கு, ஒரே தொழில் செய்கிறவர்களுக்குக் குரல் மட்டும் இருந்தாலும் வேலை ஓடும். 1999இல் எலிசபெத் வெய்னாட்டும் ஓல்சன்களும் செய்த ஒரு சோதனை இதில் முக்கியம். ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, ஒருவர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல, மற்றவர் அதை வரைய வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியான ஜோடிகளுக்கு, வெறும் குரலோடு முகத்தையும் சேர்த்துக் காட்டியதில் பலன் எதுவும் இல்லை. ஆங்கிலம் தாய்மொழி அல்லாத ஜோடிகளுக்கு முகம் தெரிந்தபோது வேலை தெளிவாக மேம்பட்டது. புரியாதபோது முகம் காட்டிக்கொடுக்கிறது, சொல்கிறவர் உடனே வேறு மாதிரிச் சொல்கிறார்.

இதைச் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து அமெரிக்க க்ளையன்டோடு பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும். நம் பக்கம் கேமராவை அணைத்து வைப்பது பல குழுக்களில் வழக்கம். வீடியோவால் அதிகப் பலன் பெறக்கூடிய தரப்பே அதை அணைத்து வைத்திருக்கிறது. அதற்காக நாள் முழுக்க எல்லாரும் கேமராவைப் போட வேண்டும் என்று விதி போடுவதும் சரியில்லை. 2021இல் வந்த ஒரு கள ஆய்வு, கேமரா போட்ட நாள்களில் சோர்வு கூடுகிறது என்றும், அது பெண்களுக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் இன்னும் அதிகம் என்றும் காட்டியது. புதுத் தேவையைப் பற்றி முதல் முறை பேசும்போது கேமரா இருக்கட்டும். தினமும் நடக்கிற பத்து நிமிட நிலவர மீட்டிங்கில் அதனால் என்ன பயன்?

3. சேர்ந்து வேலை செய்யும் மனநிலை

தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கமே இல்லாத இடத்தில் பகிரும் கருவியை வாங்கிப் போட்டால் அது தூசி படியும். ஜோனதன் க்ரூடின் 1988இலேயே இதன் ஒரு வடிவத்தைச் சொல்லிவிட்டார்: உழைப்பு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்றால் அந்தக் கருவி தோற்கும். எல்லாரும் காலண்டரைத் துல்லியமாக நிரப்பினால் மேலாளருக்கு வசதி, நிரப்புகிறவருக்கு என்ன?

4. கருவிக்கான தயார்நிலை

2000இல் இது பெரிய தடை. மின்னஞ்சலுக்கே பழகாத குழுவிடம் நேரடியாக வீடியோவைக் கொடுத்தால் நடக்காது என்றார்கள் ஓல்சன்கள். 2020க்குப் பிறகு இந்த நான்காவது கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன என்பதை அப்போதுதான் பல நிறுவனங்கள் கண்டுகொண்டன.

நம்பிக்கை எப்படி வளர்கிறது, எப்படி உடைகிறது

மிச்சிகன் குழு இதை விளையாட்டுகள் வைத்துச் சோதித்தது. ஒத்துழைத்தால் எல்லாருக்கும் லாபம், ஏமாற்றினால் ஒருவருக்கு மட்டும் லாபம் என்ற வகை விளையாட்டு. எலெனா ரோக்கோ 1998இல் காட்டியது: மின்னணு வழியில் மட்டும் பேசியவர்களிடையே ஒத்துழைப்பு நிலைக்கவில்லை, முன்பே ஒருமுறை நேரில் சந்தித்தவர்களிடையே நிலைத்தது. 2002இல் நேரடி, வீடியோ, குரல், எழுத்து என்று நான்கையும் ஒப்பிட்டபோது எழுத்து கடைசியில் நின்றது. வீடியோவும் குரலும் கிட்டத்தட்ட நேரடிக்கு அருகில் வந்தாலும், நம்பிக்கை மெதுவாகவே வளர்ந்தது, சுலபமாக உடைந்தது.

அதே ஆண்டில் வந்த இன்னொரு முடிவு நம்பிக்கை தருவது. நேரில் சந்திக்கவே முடியாவிட்டாலும், வேலையைத் தொடங்குவதற்கு முன் எழுத்து அரட்டையிலேயே ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்திக்கொண்டு கொஞ்சம் பழகினால், அது நேரில் சந்தித்ததற்குக் கிட்டத்தட்டச் சமமான பலனைத் தந்தது. புகைப்படம் மட்டும் பார்த்திருந்தாலும் ஒன்றும் இல்லாததைவிட மேல். விமானச் செலவு இல்லாமல் செய்யக்கூடிய காரியம் இது. மீட்டிங்கின் முதல் ஐந்து நிமிடத்தில் ஊர்க்கதை பேசுவதை நேர விரயம் என்று வெட்டுகிற மேலாளர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே

இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் இருப்பது கலப்பு முறையில். நேதன் போஸும் ஓல்சன்களும் 2004இலேயே இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவில் சிலரை ஒரே அறையிலும் மற்றவர்களைத் தனித்தனி இடத்திலும் வைத்து ஒரு வணிக விளையாட்டு ஆட விட்டார்கள். ஒரே அறையில் இருந்தவர்கள் தங்களுக்குள் மட்டும் கொடுக்கல் வாங்கல் செய்யத் தொடங்கினார்கள், தூரத்தில் இருந்தவர்கள் கேட்டது காத்துக் கிடந்தது. விடுபட்டவர்களோ தங்களுக்குள் இன்னொரு கூட்டணி கட்டிக்கொண்டார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, யாரும் கெட்டவர்களும் இல்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்பது சுலபம், அது போதும்.

ஆகவே மீட்டிங் அறையில் ஆறு பேர் ஒரே மைக்கைச் சுற்றி உட்கார்ந்து, இரண்டு பேர் திரையில் இருக்கும் கூட்டம், எல்லாரும் தனித்தனியாகத் திரையில் இருக்கும் கூட்டத்தைவிட மோசமாகப் போக வாய்ப்புண்டு. முடிவு எடுக்கிற கூட்டத்திலாவது எல்லாரும் அவரவர் லேப்டாப்பில் இருந்து சேரட்டும்.

இப்போது செய்திகளைச் சேர்த்துப் பார்ப்போம்

1. ட்ரிப்.காம் ஆய்வில் இருந்தவர்கள் வாரத்தில் மூன்று நாள் ஒரே ஆபீசில் இருந்தார்கள். பொதுப் புரிதலும் நம்பிக்கையும் அந்த நாள்களில் சேர்ந்துகொண்டே இருந்தன, வீட்டு நாள்களில் தனி வேலை ஓடியது. முழுக்க முழுக்கத் தூரத்தில் இருப்பது பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

2. வீடியோவில் யோசனை குறைகிறது என்ற 2022 ஆய்வு, புது யோசனைகளைப் பிறப்பிக்கும் கட்டத்தைப் பற்றியது. எது நல்ல யோசனை என்று தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் வீடியோ பின்தங்கவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. தலைப்புச் செய்திகளில் அந்தப் பாதி காணாமல் போனது.

3. மைக்ரோசாஃப்ட் தன் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தொடர்புத் தரவை வைத்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு குழுவுக்கு உள்ளே தொடர்பு இறுகியது, குழுக்களுக்கு இடையிலான பாலங்கள் குறைந்தன. இன்றைய வேலை தடைபடாது. அடுத்த ஆண்டு தேவைப்படப்போகிற அறிமுகங்கள் உருவாகாது.

இந்த மூன்றையும் சேர்த்தால், 'வாரம் எத்தனை நாள்' என்று எண்ணுவது எவ்வளவு மேலோட்டமான அளவுகோல் என்று புரியும். அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேறு ஊரில் இருக்கும் குழுவோடு நாள் முழுக்க கால் பேசிவிட்டுத் திரும்புகிறவருக்கு ஆபீஸ் எதைக் கொடுத்தது? அவருடைய இறுக்கமான பிணைப்பு எல்லாம் வேறு ஊரில் இருக்கிறது. கேட்க வேண்டியது வேறு. இந்த மாதம் யாரோடு யாருக்கு இறுக்கமான வேலை, அவர்கள் ஒரே அறையில் இருக்கிறார்களா? முடியாது என்றால், வேலையையே பிரித்து ஒவ்வொரு பக்கமும் தனியாக முடிக்கக்கூடிய துண்டுகளாகக் கொடுக்க முடியுமா? ஓல்சன்கள் திரும்பத் திரும்பச் சொன்ன அறிவுரை இந்த இரண்டாவதுதான்: இறுக்கமான வேலையைத் தூரங்களுக்கு நடுவே வெட்டாதீர்கள். வடிவமைப்பு அங்கே, கோட் இங்கே, சோதனை வேறெங்கோ என்று பிரிப்பதற்குப் பதில், ஒரு முழுப் பகுதியை மொத்தமாக ஒரு ஊருக்குக் கொடுத்தால் ஊர்களுக்கு இடையே ஓட வேண்டிய பேச்சு குறையும்.

எந்தக் கருவியாலும் தீராதது நேர வித்தியாசம். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை. காலை 9 முதல் மாலை 6 வரை வேலை நேரம் என்று இரண்டு பக்கமும் வைத்தால், ஒரு நிமிடம்கூட ஒன்றின் மேல் ஒன்று விழாது. யாராவது ஒருவர் தன் சாயங்காலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், வழக்கமாக அது பணம் வாங்குகிற பக்கம்தான், அதாவது நாம். இதில் செய்யக்கூடியவை இரண்டு. கூட்ட நேரத்தை மாதாமாதம் மாற்றி, இரவுக் கஷ்டத்தை இரண்டு பக்கமும் பங்கு போடுவது. அப்புறம், தகவல் சொல்வதை எல்லாம் எழுத்துக்கு மாற்றிவிட்டு, குழப்பமும் கருத்து வேறுபாடும் இருக்கிற விஷயத்துக்கு மட்டும் அந்த விலையுயர்ந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொள்வது. இரவு ஒன்பதரை மணிக்குப் பதினைந்து பேரை உட்கார வைத்து, ஏற்கனவே எழுதப்பட்ட டிக்கெட்டுகளை (வேலைக் குறிப்புகளை) வரிசையாக வாசிக்கும் கூட்டம் இன்று நடத்தப்படுகிறது என்றால், அதை நாளையே நிறுத்தச் சொல்லிக் கேட்பதற்கு மேலே உள்ள ஆய்வுகளே போதுமான காரணம்.